30×40 அடி சைட்டில் மண் வீடு: சாங்ஷனோடு கட்டும் வழி

பெங்களூரில் மண்ணில் வீடு கட்டப்போகிறேன் என்று வாயைத் திறந்ததுமே நாலு பேர் "விடமாட்டாங்க" என்பார்கள். யார் விடமாட்டார்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. நான் டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு ஹொரமாவு, ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம் பக்கம் சின்னச் சின்ன வீடுகள் எடுத்துக் கட்டுகிறவள். அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இங்கே வந்த கொத்தனார். பூச்சு வேலையில் பேர் வாங்கியவர். அவர் மகள் பூசாத வீடாகக் கட்டுகிறாள் என்பதில் அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

யாராவது 'கூடாது' என்றால், அது எழுதிவைத்த விதியா, அவருடைய பயமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். விதி என்றால் பிளானை மாற்றுங்கள். பயம் என்றால் காகிதத்தைக் காட்டுங்கள். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் கடைக்கால் எழும்பியதும் பயந்துபோய் சாலிட் பிளாக்குக்கு (கான்கிரீட் கட்டி) மாறுகிறார்கள்.

முதலில் பத்திரம், பிறகு மண்

சுவர் எதில் கட்டுவது என்ற பேச்சுக்கு முன்னால் காத்தாவை, அதாவது மாநகராட்சிக் கணக்கில் சைட் ஏறியிருக்கும் பதிவைப் பாருங்கள். ஏ-காத்தா இருந்தால் பாதி வேலை முடிந்தது. முறைப்படாத சைட்டுக்குத் தரும் பி-காத்தாவில் சாங்ஷன் (பிளான் அனுமதி) இல்லாமல் வீடு கட்டியவர்கள் இந்த ஊரில் ஏராளம். ஆனால் நீங்கள் கட்டப்போவது தெருவே நின்று வேடிக்கை பார்க்கும் வீடு. பார்க்கிறவர்களில் ஒருவர் புகார் எழுதுகிறவராகவும் இருப்பார். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் எப்படித் தப்பித்தார் என்ற கதை உங்களுக்கு உதவாது. பி-காத்தாவை ஏ-காத்தா ஆக்கிக்கொள்ள 2025-ல் அரசு வழி திறந்துவிட்டது, அந்தக் காரியத்தை முடித்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள்.

ஊருக்கு வெளியே தேவனஹள்ளி, ஹொஸ்கோட்டே பக்கம் 'ஃபார்ம் பிளாட்' என்று கால் ஏக்கர் வாங்கிவிட்டு, "அங்கே எந்த ரூல்ஸும் கிடையாதாமே" என்று வருகிறார்கள். உண்டு. விவசாய நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த 1964-ஆம் வருடக் கர்நாடக நில வருவாய்ச் சட்டத்தின் 95-ஆம் பிரிவின்படி கன்வர்ஷன் வேண்டும். விவசாயம் செய்கிறவர் தன் நிலத்தில் பண்ணைக் கட்டடம் கட்டிக்கொள்ள அதே பிரிவில் இடம் இருக்கிறது. அதைக் காட்டி வாரக்கடைசி வில்லா கட்டச் சொன்னால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

விதி எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை

2003-ஆம் வருடக் கட்டட பைலாவையும் ஆர்எம்பி 2015 என்கிற மாஸ்டர் பிளான் விதிகளையும் பொறுமையாகப் படித்தால் ஒன்று புரியும். அவை கவலைப்படுவது எத்தனை அடி விட்டுக் கட்டினாய், எவ்வளவு உயரம், எத்தனை சதுர மீட்டர், கார் எங்கே நிற்கும், மழைத்தண்ணீர் எங்கே போகும் என்பதைப் பற்றித்தான். சுவர் சிவப்பாக இருக்கிறதா, வெள்ளையாக இருக்கிறதா என்று அவை கேட்பதில்லை. தேசியக் கட்டடக் கோட் (2016 பதிப்பு) இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் பெயர் சொல்லாத பொருளையோ முறையையோ தடுப்பது அதன் நோக்கமில்லை, அது தாங்கும் என்று காட்டி அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்ற கருத்தில் ஒரு பிரிவே வைத்திருக்கிறார்கள்.

மண் கட்டிக்கு அந்தப் பிரிவுவரை போகவும் தேவையில்லை. அதற்கென்று தனித் தர எண்ணே இருக்கிறது: ஐ.எஸ். 1725. சிமெண்ட் கலந்து அழுத்திய மண் கட்டிக்கான இந்தியத் தரம் அது, 2013-ல் திருத்தினார்கள். இந்த ஊருக்கு அது புதுசும் இல்லை. 1974-ல் இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்கென்று தொடங்கிய அஸ்த்ரா பிரிவில் மண் கட்டியைப் பல வருடம் ஆராய்ந்து, கையால் அழுத்தும் 'மர்தினி' பிரஸ்ஸைச் செய்து கொடுத்தார்கள். கட்டடக்கலைஞர் சித்ரா விஸ்வநாத் 1990-களில் வித்யாரண்யபுரத்தில் தனக்குக் கட்டிக்கொண்ட வீடும் மண்தான். "மழை வந்தால் கரைஞ்சிடாதா?" என்று கேட்கிற மாமியார்களிடம் நான் சொல்கிற முதல் பதில் அந்த வீடு.

பிளானில் 'மண் சுவர்' என்று எழுதாதீர்கள். "ஐ.எஸ். 1725-க்கு உட்பட்ட ஸ்டெபிலைஸ்ட் சாயில் பிளாக், 230 மி.மீ. சுவர்" என்று எழுதச் சொல்லுங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தன் கோப்பில் எதையாவது காட்டவேண்டியிருக்கிறது. எண் இருந்தால் அவர் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார். 50×80 வரையான சைட்டுகளுக்கு 2024-ல் வந்த 'நம்பிகே நக்ஷே' திட்டத்தில் பதிவுபெற்ற இன்ஜினியரோ ஆர்க்கிடெக்டோ ஆன்லைனிலேயே பிளான் போட்டுத் தற்காலிக அனுமதி எடுத்துவிடலாம். 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற பழைய மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்துக்குக் கீழே ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டதால், உங்கள் சைட் எதில் விழுகிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செட்பேக் (எல்லையிலிருந்து விடவேண்டிய காலியிடம்) அளவுகள் அடிக்கடி மாறுகின்றன. பழைய பிளானைப் பார்த்துக் காப்பி அடிக்காமல், அன்றைய அட்டவணையை இன்ஜினியரிடம் கேட்டு வாங்குங்கள்.

இனி உண்மையாகவே விதி இடிக்கிற இடங்கள்.

கன்டெய்னர் வீடு கேட்டு வருகிறவர்கள் அதிகம். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. டேப்பை வைத்துப் பாருங்கள்: சாதாரணக் கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர், உள் உயரம் 2.39 மீட்டர். தேசியக் கோட் ஆள் புழங்கும் அறைக்கு (இரண்டாவது அறை என்றால் அகலமும் பரப்பும் கொஞ்சம் குறையலாம்) கேட்பது குறைந்தது 2.4 மீட்டர் அகலம், 9.5 சதுர மீட்டர் பரப்பு, 2.75 மீட்டர் உயரம். 'ஹை க்யூப்' என்று விற்கும் உயரமான கன்டெய்னர்கூட உள்ளே 2.69 மீட்டர்தான். ஆறு சென்டிமீட்டர் பற்றாது. அதுவும் வெயிலுக்குப் பயந்து நீங்கள் ஃபால்ஸ் சீலிங் போடுவதற்கு முன்னால் உள்ள கணக்கு. வேண்டுமென்றால் இரண்டை ஒட்டி நடுச்சுவரை எடுத்துவிட்டு, கூரையை வெட்டி உயர்த்தலாம். அவ்வளவு இரும்பையும் வெல்டிங்கையும் போட்டபிறகு அது கன்டெய்னராக இருப்பதில் என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

வட்ட வீடு 30×40-ல் வேண்டாம். செட்பேக் போக மிஞ்சுவது ஒரு செவ்வகம். அதற்குள் வட்டம் போட்டால் நாலு மூலையும் வீண். வளைவு ஆசை இருந்தால் படிக்கட்டுச் சுவரில் தீர்த்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியில் மூங்கில் கொட்டகை போட்டு அதை அறையாக அடைத்தால் இன்னொரு மாடிக் கணக்கில் வரும்.

சரிவுக் கூரைக்குச் சராசரி உயரம் 2.75 மீட்டர் வரவேண்டும். பரண் மாதிரி இடைத்தளம் போடுவதானால் 2.2 மீட்டர் உயரம் வேண்டும், தளப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்கக் குட்டி வீடுகளில் ஏணி போட்டு ஏறித் தவழ்ந்து படுக்கும் இடம் இங்கே பொருள் வைக்கும் லாஃப்டாகத்தான் பிளானில் ஏறும்.

சுவர்த் தடிமன் இன்னொரு கணக்கு. ஆர்எம்பி 2015-ல் சின்ன சைட்டுகளுக்கு எஃப்ஏஆர் (சைட் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 1.75, அதாவது 1200 சதுர அடிக்கு மொத்தம் 2100 சதுர அடி. சுவரும் அதற்குள்தான். வெளிச்சுவர் சுற்றளவு நூறு அடி என்று வையுங்கள். ஆறு அங்குல சாலிட் பிளாக்குக்குப் பதில் ஒன்பது அங்குல மண் கட்டி வைத்தால் தளத்துக்கு இருபத்தைந்து சதுர அடி சுவருக்குள் போய்விடும். ஒரு பாத்ரூம் அளவு. இதை ஓனரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். வாடகைக்கு விட நினைப்பவர்களில் பாதிப்பேர் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள்.

பில்லரா, சுவரே சுமக்கட்டுமா என்று கேட்பார்கள். தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் 230 மி.மீ. மண் கட்டிச் சுவரே சுமக்கும். பிளின்த் (கடைக்காலின் மேல்மட்டம்), லின்டல் (கதவு, ஜன்னலின் தலைமட்டம்), கூரை மட்டங்களில் சுற்றிலும் கான்கிரீட் பேண்டு ஓடவேண்டும், இதில் பேரம் கிடையாது. அதற்கு மேல் இரண்டு மாடி வாடகைக்கு என்றால் பில்லர், பீம் போட்டுவிட்டு மண் கட்டியை நிரப்புச் சுவராக வையுங்கள். மண் மட்டும்தான் என்று அடம்பிடிக்கிறவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஆனால் எலும்புக்கூடு எல்லா வீட்டையும்போல இருந்துவிட்டால் சுவரைப் பற்றி ஆபீசில் யாரும் கேள்வி கேட்பதில்லை. கூரையில் மங்களூர் ஓடுகளைப் பதித்து ஃபில்லர் ஸ்லாப் போடலாம். கணக்குப்படி அதுவும் ஆர்சிசி, அதாவது கம்பி போட்ட கான்கிரீட்தான்.

கட்டி போடுவது

இனி நீங்களே சைட்டில் நின்று பார்க்கவேண்டிய வேலை.

மேலாக ஒரு அடி மண்ணை ஒதுக்கிவிடுங்கள், வேரும் குப்பையும் அதில்தான். கீழே வரும் செம்மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி, அசைக்காமல் விட்டுவிடுங்கள். மறுநாள் பார்த்தால் அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று கோடு பிரிந்திருக்கும். மணல் மூன்றில் இரண்டு பங்கு, களி பத்திலிருந்து பதினைந்து சதவீதம் என்பதுதான் நமக்கு வேண்டிய கணக்கு. பெங்களூர்ச் செம்மண்ணில் பெரும்பாலும் களி கூடுதலாக இருக்கும். குவாரி டஸ்டோ எம் சாண்டோ கலந்து சரிக்கட்டலாம். கறுப்பு மண் வந்தால் கட்டிக்கு வேண்டாம், வேறு இடத்து மண்ணை வரவழையுங்கள். பாட்டில் சோதனை ஒரு மதிப்புத்தான், முடிவான விகிதத்தை லேப் சொல்லட்டும்.

மண்ணை 5 மி.மீ. சல்லடையில் சலித்து, சிமெண்ட் எடைக்கு ஏழெட்டுச் சதவீதம் போட்டு, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே நிறம் ஒன்றாகும்வரை புரட்டுங்கள். பிறகு தண்ணீரைத் தெளிக்கவேண்டும். ஊற்றக் கூடாது. பதம் பார்க்க ஒரு உருண்டை பிடித்து நெஞ்சு உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் போதாது. கொழுக்கட்டை மாவு மாதிரி சப்பென்று ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம். என்னிடம் இருக்கும் கட்டி போடும் ஆட்களில் ஒரு அம்மா உருண்டை போடாமலே, உள்ளங்கையில் அழுத்திவிட்டுக் கையில் ஈரம் ஒட்டியதா என்று பார்த்தே சொல்லிவிடுவார். சிமெண்ட் கலந்து தண்ணீர் பட்ட கலவையை அரை மணிக்குள் அழுத்தி முடிக்கவேண்டும். அதனால் சின்னச் சின்னக் கலவையாகப் போடுங்கள். டீ வந்தது என்று பாதியில் விட்டுவிட்டுப் போன கலவையை நான் கட்டிக்கு விடமாட்டேன், வாசல் நிரப்பக் கொட்டச் சொல்லிவிடுவேன்.

எடை முக்கியம். 230×190×100 மி.மீ. கட்டியின் கொள்ளளவு 4370 கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம் அடர்த்தி வந்தால்தான் கட்டி உறுதியாக நிற்கும், அப்படியானால் காய்ந்த கட்டி எட்டுக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கவேண்டும். ஈர மண் அதைவிடச் சற்று அதிகம். ஆட்கள் சட்டி அளவில் அள்ளிப் போடுவார்கள், காலையில் நிறைசட்டி, சாயங்காலம் முக்கால் சட்டி. பிரஸ் எப்படியும் அதே அளவுக் கட்டியைத்தான் தரும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு காய்கறித் தராசு வாங்கிப் பிரஸ் பக்கத்தில் வையுங்கள். மொத்த வீட்டிலும் இவ்வளவு மலிவான தரக் கட்டுப்பாடு வேறு கிடையாது.

போட்ட கட்டியை நிழலில் அடுக்கிச் சாக்கைப் போட்டு மூன்று வாரமாவது நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கட்டட வேலைக்குக் குடிதண்ணீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர்க் குடிநீர் வாரியம் (பிடபிள்யூஎஸ்எஸ்பி) அறிவித்தது நினைவிருக்கும். சுத்திகரித்த தண்ணீர் டேங்கருக்கு முன்னாலேயே சொல்லிவையுங்கள். 30×40 அளவுக்குக் கட்டும் புது வீட்டுக்கு மழைநீர்ச் சேகரிப்பு 2009 முதலே கட்டாயம். அதற்கான சம்ப்பை (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) கடைசியில் தோண்டாமல் முதலிலேயே தோண்டிவிட்டால் மண்ணும் கிடைக்கும், மழை பெய்தால் நனைக்கத் தண்ணீரும் கிடைக்கும்.

கட்டும்போது சிமெண்ட் ஒன்று, மண் ஒன்று, மணல் ஆறு என்று கலவை. வெறும் சிமெண்ட்-மணல் கலவையைவிட இது கட்டியோடு நன்றாகப் பிடிக்கிறது. அடிவரிசை சைஸ் கல்லிலேயே தரைக்கு மேல் ஒன்றரை அடி வரட்டும். பாத்ரூம் உள்பக்கம், மழைச்சாரல் நேராக அடிக்கும் முகம், இவற்றைப் பூசிவிடுங்கள். செட்பேக் விதியால் இறவாணத்தை இஷ்டத்துக்கு வெளியே நீட்ட முடியாது, அதற்கு இதுதான் ஈடு.

மற்ற சுவர்களையும் பூசிவிட மேஸ்திரி துடிப்பார். ஒருவர் என்னிடம் சொன்னார்: "அக்கா, பூசாம வுட்டா ஓனருக்குக் காசு பத்தலைன்னு தெருவே பேசும்." "பேசட்டும்ணா, பாயிண்டிங் மட்டும் ஒழுங்கா இழுத்து வுடுங்க" என்றேன். கட்டிகளுக்கு இடையே உள்ள இணைப்பைக் கலவையால் நேர்த்தியாக அடைப்பதுதான் பாயிண்டிங். பூசுகிற சுவர் என்றால் கோணலைக் கலவையில் மறைத்துவிடலாம். பூசாத சுவரில் தூக்குக்குண்டு சொல்கிற கதை அப்படியே தெருவுக்குத் தெரியும். அதனால் கட்டுக்கூலியைச் சதுர அடிக்குக் கொஞ்சம் கூட்டிப் பேசுங்கள். பூச்சில் மிச்சமாகும் காசில் அதைக் கொடுக்கலாம்.

பேங்கும் பாக்கிக் காகிதமும்

என் அனுபவத்தில் மாநகராட்சியைவிடப் பேங்க்தான் கஷ்டம். ஒரு வீட்டுக்கு மதிப்பீடு செய்ய வந்தவர் பைக் சாவியால் சுவரைச் சுரண்டிப் பார்த்தார். ஒன்றும் உதிரவில்லை. "இருந்தாலும் மண்ணுதானே மேடம்" என்று சொல்லிவிட்டுத் தற்காலிகக் கட்டடம் என்று எழுதிவிட்டுப் போனார். லோன் நின்றது. மேனேஜரிடம் போய், எந்த விதியின்படி தற்காலிகம் என்று எழுத்தில் கேட்டோம். கூடவே சாங்ஷன் பிளான், ஐ.எஸ். 1725 பிரதி, லேப் ரிப்போர்ட், இன்ஜினியரின் ஸ்டெபிலிட்டி சான்று நாலையும் ஒரே கோப்பாகக் கொடுத்தோம். பேங்கின் பட்டியலிலேயே இருந்த இன்னொரு மதிப்பீட்டாளரை அனுப்பினார்கள், முடிந்தது. இப்போதெல்லாம் அந்தக் கோப்பை லோன் விண்ணப்பத்தோடேயே வைத்துவிடுகிறேன்.

லேப் ரிப்போர்ட்டில் ஒன்றைக் கவனியுங்கள். காய்ந்த கட்டியை நசுக்கிப் பெரிய எண் வாங்கிக்கொண்டு வந்து காட்டுவார்கள். நமக்கு வேண்டியது தண்ணீரில் ஊறவைத்து நசுக்கிய எண். தரத்தில் சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன், 5 நியூட்டன் என்று இரண்டு வகுப்பு. உங்கள் இன்ஜினியர் எதை வைத்துக் கணக்குப் போட்டாரோ அது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பேங்க் பணம் பிளின்த், லின்டல், ரூஃப் என்று படிப்படியாக வரும். மண் கட்டிக்கோ செலவு முழுக்க முன்னால்: சுவர் எழும்புவதற்கு ஒரு மாதம் முன்பே கட்டி போட்டு நனைத்து வைத்திருக்கவேண்டும். ஆகவே கட்டிக் காசை உங்கள் கையிருப்பில் ஒதுக்கிவிடுங்கள். இதைக் கணக்கில் எடுக்காததால் வேலை நின்றுபோன சைட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

வீடு முடிந்ததும் ஓசி, அதாவது குடிபுகத் தகுந்தது என்ற சான்று. 2024 டிசம்பர் 17-ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தச் சான்று இருந்தால்தான் கரண்டும் தண்ணீரும் நிரந்தர இணைப்பாகக் கொடுக்கவேண்டும் என்றது. சின்ன வீடுகளுக்குக் கர்நாடக அரசு 2025-ல் விலக்கு கொண்டுவந்தாலும், பிளானில் உள்ளபடி கட்டியிருந்தால் கேட்டு வாங்கிவிடுங்கள், மண் வீட்டுக்கு எந்தக் காகிதமும் மிகையில்லை. ரிப்போர்ட், சான்று, தரப் பிரதி எல்லாவற்றின் ஒரிஜினலையும் பத்திரத்தோடு சேர்த்தே வையுங்கள். நாளைக்கு விற்கப் போனால் வாங்குகிறவருடைய பேங்கிலிருந்தும் ஒருவர் பைக் சாவியோடு வருவார்.